நான்கு நொடித் தாமதம், நாற்பது நாள் பயணம்



2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை. பிற்பகல் 2.35 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டாவது ஏவுதளத்திலிருந்து சந்திரயான்-3 கிளம்பியது. நொடி பிசகாமல் கிளம்பியதாகத்தான் பார்த்த அத்தனை பேரும் நினைத்தார்கள். உண்மையில் அன்று ராக்கெட் நான்கு நொடி தாமதமாகப் புறப்பட்டது. மழை மேகம் காரணமில்லை. எந்திரத்திலும் கோளாறு இல்லை. முதலில் குறித்த நொடியில் கிளம்பியிருந்தால், ஏற்கெனவே பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு விண்குப்பைக்கு மிக அருகில் போக நேர்ந்திருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் நான்கு நொடி பொறுக்கச் சொன்னார்கள், பொறுத்தார்கள். விண்வெளிப் பாதுகாப்பு பற்றி இஸ்ரோ பின்னர் வெளியிட்ட ஆண்டறிக்கையில் இந்தத் தகவல் இருக்கிறது.

ராக்கெட்டை ஏவுகிறவர்கள் ஒரு கூட்டம். வானில் எது எங்கே போகிறது என்று இரவும் பகலும் கணக்கு வைத்திருப்பவர்கள் இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்தின் வேலையை நாடே பார்த்துக் கைதட்டுகிறது. இரண்டாவது கூட்டத்தின் வேலை முதல் கூட்டத்தின் வேலை முடிந்த பிறகுதான் சூடுபிடிக்கிறது. அப்போது பெரும்பாலோர் தொலைக்காட்சியை அணைத்திருப்பார்கள். ஏவிய பிறகு ஒரு கலத்தை எப்படிப் பின்தொடர்கிறார்கள், பின்தொடர்வதில் யாருக்கெல்லாம் இடம் கிடைக்கிறது என்பதுதான் இந்த உரையின் பொருள்.

ஏவுதலையும் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. சந்திரயான்-3-ஐச் சுமந்துபோன எல்விஎம்3 ராக்கெட் 43.5 மீட்டர் உயரம், சுமார் 640 டன் எடை. அதன் திரவ எரிபொருள் கட்டத்திலுள்ள விகாஸ் எஞ்சின்களும் உச்சியிலுள்ள கிரையோஜெனிக் எஞ்சினும் நெல்லை மாவட்ட எல்லையிலுள்ள மகேந்திரகிரியில் சோதிக்கப்படுபவை. சந்திரயான்-3-க்கான கிரையோஜெனிக் எஞ்சினை 2023 பிப்ரவரி 24 அன்று அங்கே 25 நொடி எரியவிட்டுப் பார்த்துத்தான் ஒப்புதல் கொடுத்தார்கள். ஏவிய நாளில் சென்னையிலிருந்து டாக்கா போன விமானத்தின் பயணி ஒருவர், ஜன்னல் வழியே ராக்கெட் மேகத்தைத் துளைத்து ஏறுவதைக் கைபேசியில் பிடித்தார். அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. எல்லாம் சேர்ந்து பதினாறு நிமிட வேலை. பதினாறாவது நிமிடத்தில் கலம் ராக்கெட்டிலிருந்து பிரிந்தது. பூமிக்குக் கிட்டத்தில் 170 கிலோமீட்டர், எட்டத்தில் 36,500 கிலோமீட்டர் என்று நீண்டு கிடக்கும் முட்டை வடிவப் பாதையில் அது விடப்பட்டது. நிலாவோ கிட்டத்தட்ட 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

மிச்சத் தூரத்துக்கு ராக்கெட் கிடையாது. 1969-ல் அப்போலோ 11 போனது சாட்டர்ன் 5 என்ற பூதத்தின் முதுகில். நான்காம் நாள் நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்தது. எல்விஎம்3-க்கு அவ்வளவு வலு இல்லை. 3,900 கிலோ எடையை நேராக நிலாவுக்கு வீச அதால் முடியாது. ஆகவே கலம் தன் சொந்த எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துப் போக வேண்டும். எங்கே எரிப்பது என்பதில்தான் சூட்சுமம். நீள்வட்டப் பாதையில் பூமிக்கு மிக அருகில் வரும்போது கலம் மிக வேகமாக ஓடும். அந்த இடத்தில் எரிக்கும் ஒவ்வொரு கிலோ எரிபொருளும் வேறெங்கே எரித்தாலும் கிடைக்காத அளவு ஆற்றலைத் தரும். அங்கே தட்டினால் எதிர் முனை தள்ளிப் போகும். ஜூலை 18-ல் எதிர் முனை 51,400 கிலோமீட்டர் ஆனது, 20-ல் 71,351, 25-ல் 1,27,603. ஜூலை 31 நள்ளிரவு தாண்டி நடந்த ஆறாவது தட்டில், பூமியைச் சுற்றுவதை விட்டுவிட்டு நிலாவை நோக்கித் திரும்பியது. ஆகஸ்ட் 5 மாலை அரை மணி நேரம் எஞ்சினை எதிர்த்திசையில் எரித்து வேகத்தைக் குறைத்ததும் நிலா அதைப் பிடித்துக்கொண்டது. குறைக்காமல் விட்டிருந்தால் நிலாவைக் கடந்து போயிருக்கும்.

பலர் இந்தச் சுற்றுவழியை ஏழை நாட்டின் சிக்கனம் என்றே எழுதினார்கள். சிக்கனம் உண்மைதான், திட்டத்தின் செலவு சுமார் 615 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்டது. ஆனால் இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் கலம் ஒரு சுற்று வர நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் எஞ்சின் சொன்னபடி எரிந்ததா, பாதை எவ்வளவு பிசகியது, அடுத்த தட்டு எத்தனை நொடி என்று நிதானமாக அளக்கலாம். நேர்வழியில் போகிறவர்களுக்கு இந்த அவகாசம் குறைவு.

அப்படி அளப்பது எப்படி? இங்கே யாரும் எதையும் கண்ணால் பார்ப்பதில்லை. ஒரு வேன் அளவுள்ள கலம் இரண்டு லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போனபின் சாதாரணத் தொலைநோக்கிகளுக்குக் கூட அது ஒரு புள்ளியாகத்தான் தெரியும், அதுவும் தெரிந்தால். பின்தொடர்வது முழுக்கக் காது வேலை. பெங்களூருவுக்கு வெளியே பியாலாலு கிராமத்தில், 2008-ன் சந்திரயான்-1-க்காகக் கட்டிய 32 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனா ஒன்றும் 18 மீட்டரில் ஒன்றும் நிற்கின்றன. சுற்றிலும் மேடாகவும் நடுவில் பள்ளமாகவும் உள்ள இடமாகப் பார்த்துத் தேர்ந்தார்கள். நகரத்தின் ரேடியோ இரைச்சல் உள்ளே வராமல் இருக்க. அங்கிருந்து ஒரு சமிக்ஞையை அனுப்புவார்கள். கலம் அதை வாங்கித் திருப்பி அனுப்பும். போய்வர எடுத்த நேரத்திலிருந்து தூரம் தெரிந்துவிடும்.

வேகம் தெரிவது வேறு வழியில். ரயில்வே கேட்டில் காத்திருப்பவருக்கு, வரும் ரயிலின் ஹாரன் கீச்சென்றும், கடந்த பிறகு கம்மியும் கேட்கும். ரேடியோ அலையும் அப்படித்தான். கலம் அனுப்பும் அலை நொடிக்கு சுமார் 220 கோடி முறை அதிர்கிறது என்று வைத்துக்கொண்டால், கலத்தின் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் மாறும்போது அந்தக் கணக்கில் ஏழு அதிர்வுகள் கூடும் அல்லது குறையும். 220 கோடியில் ஏழு! அதைப் பிசகாமல் எண்ணும் கருவிகள் இருக்கின்றன. இந்த எண்களை வைத்துத்தான் பெங்களூரு பீனியாவிலுள்ள இஸ்ட்ராக் கட்டுப்பாட்டு மையம், கலம் எங்கே இருக்கிறது என்பதையும் நாளை எங்கே இருக்கும் என்பதையும் சொல்கிறது. பூமி சுழல்கிறதல்லவா, பியாலாலுவுக்கு நிலா மறையும் நேரத்தில் வேறு யாராவது கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நாசாவின் ஆன்டெனாக்களும் ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் நிலையங்களும் அந்த முறையை எடுத்துக்கொண்டன. ‘தனியாகச் சாதித்தோம்’ என்று மேடையில் சொல்வது எளிது. ஆனால் தனியாக நிலாவைக் கேட்க எந்த நாட்டுக்கும் நிலப்பரப்பு போதாது.

இந்தக் காது வேலைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. அதில் சுவையான பகுதி, கேட்க அழைக்கப்படாதவர்கள் கேட்டதுதான்.

இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கு அருகே ஜாட்ரல் பேங்க் என்ற இடத்தில் 76 மீட்டர் விட்டமுள்ள வானொலித் தொலைநோக்கி 1957-ல் வேலைக்கு வந்தது. வானத்து அலைகளை ஆராயக் கட்டியது. பட்ஜெட்டை மீறிய செலவால் அதைக் கட்டிய பெர்னார்ட் லவல் கடும் விமர்சனத்துக்கு ஆளாகியிருந்தார். அந்த ஆண்டே ஸ்புட்னிக் பறந்தது. அதைச் சுமந்துபோன ராக்கெட்டை ராடாரில் பிடிக்கக்கூடிய கருவி மேற்குலகில் அவரிடம்தான் இருந்தது. 1959 செப்டம்பரில் சோவியத்தின் லூனா 2 நிலாவில் மோதியபோது, அது உண்மையில் நிலாவுக்குப் போனதா என்று அமெரிக்காவில் சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். நிலாவின் ஈர்ப்பு இழுக்க இழுக்கக் கலத்தின் வேகம் கூடியதை ஜாட்ரல் பேங்கில் அலைவரிசை மாற்றமாகவே பதிவு செய்திருந்தார்கள்; பிறகு ஒலி சட்டென்று நின்றதையும். சந்தேகம் அதோடு தீர்ந்தது.

1966 பிப்ரவரி 3-ல் லூனா 9 நிலாவில் மெதுவாகத் தரையிறங்கியது. மனிதன் செய்த பொருள் ஒன்று உடையாமல் நிலாவில் இறங்கியது அதுவே முதல் முறை. கலம் அனுப்பிய சமிக்ஞையைக் கேட்ட ஜாட்ரல் பேங்க்காரர்களுக்கு அந்த ஓசை எங்கோ கேட்டதாகப் பட்டது. செய்தி நிறுவனங்கள் தந்தி வழியே படம் அனுப்பும் எந்திரத்தின் ஓசை அது. ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ நாளிதழிடமிருந்து அந்த எந்திரத்தை இரவல் வாங்கி மாட்டினார்கள். நிலாவின் தரை வரிவரியாகக் காகிதத்தில் இறங்கியது. மாஸ்கோ படத்தை வெளியிடுவதற்கு முன்பே லண்டன் நாளிதழில் வந்துவிட்டது, நீள அகல விகிதம் மட்டும் பிசகி. சோவியத் விஞ்ஞானிகளுக்கு வருத்தம். அது நியாயமான வருத்தம்தான். ஆனாலும் எல்லாருக்கும் தெரிந்த முறையில் படத்தை அனுப்பியவர்கள் அவர்களே.

ரோவர்களின் வரலாறும் சோவியத்திலிருந்துதான் தொடங்குகிறது. 1970 நவம்பரில் லூனா 17 கொண்டுபோன லுனோகோத் 1, பத்தரை கிலோமீட்டர் ஓடியது. பூமியில் ஐந்து பேர் குழுவாக அமர்ந்து அதை ஓட்டினார்கள். அது கடைசியாக எங்கே நின்றது என்பது நாற்பது ஆண்டுகள் துல்லியமாகத் தெரியாமல் இருந்தது. 2010-ல்தான் நாசாவின் எல்ஆர்ஓ சுற்றுகலத்தின் படத்தில் அகப்பட்டது. அதன் முதுகிலிருந்த பிரதிபலிப்பானில் லேசர் ஒளியைப் பாய்ச்சியபோது ஒளி நன்றாகவே திரும்பி வந்தது.

இந்தப் பின்னணியோடு 2019 செப்டம்பர் 7 அதிகாலைக்கு வரலாம். சந்திரயான்-2-ன் விக்ரம் லேண்டர் இறங்கிக்கொண்டிருந்தது. இஸ்ரோவின் திரையில் இரண்டு கோடுகள். சிவப்பு, கலம் போக வேண்டிய பாதை. பச்சை, கலம் போகும் பாதை. நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் உட்பட விழித்திருந்து அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சை மெல்ல விலகியது. பிறகு நகரவில்லை. 2.1 கிலோமீட்டர் உயரம் வரை எல்லாம் சரியாக இருந்தது, அதன்பின் தொடர்பு அறுந்தது என்று இஸ்ரோ தலைவர் கே. சிவன் அறிவித்தார். ஆனால் பச்சைப் புள்ளி அதைவிட மிகவும் கீழே, சில நூறு மீட்டர் உயரத்தில் நின்றுபோன திரைக்காட்சியைப் பலர் சேமித்து வைத்திருந்தார்கள். அதே இரவில் நெதர்லாந்தின் துவிங்கலோவில், 1956-ல் கட்டி இப்போது தன்னார்வலர்கள் பேணும் 25 மீட்டர் வானொலித் தொலைநோக்கியும் விக்ரமைக் கேட்டுக்கொண்டிருந்தது. அலைவரிசை வளைந்து வளைந்து வந்து ஓரிடத்தில் முடிந்துபோன வரைபடத்தை அங்கிருந்து வானியலாளர் சீஸ் பாசா உலகத்துக்குக் காட்டினார். அறிவிப்புகளை யாரும் எப்படியும் எழுதலாம். அந்த வளைகோட்டில் யாரும் கைவைக்க முடியாது.

பிறகு சில வாரங்கள் அமைதி. செப்டம்பர் 26-ல் நாசா தன் எல்ஆர்ஓ சுற்றுகலம் எடுத்த படத்தைப் பொதுவில் வைத்தது. விக்ரம் எங்கே என்று அவர்களுக்கே தெரியவில்லை. சென்னையில் வேலை பார்த்த மதுரைக்காரர், பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், அந்தப் படத்தையும் அதே இடத்தின் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டார். பழைய படத்தில் இல்லாத ஒரு வெளிச்சப் புள்ளி தென்பட்டது. எழுதி அனுப்பினார். நாசா கூடுதல் படங்களோடு சரிபார்த்து டிசம்பர் 2-ல் அவர் பெயரைச் சொல்லியே உறுதிசெய்தது. அவர் கண்டது, கலம் மோதிய இடத்துக்கு வடமேற்கே சுமார் 750 மீட்டர் தள்ளிச் சிதறிக் கிடந்த ஒரு துண்டு. ஒரு தனிமனிதரின் பொறுமையைப் புகழ்ந்து இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். பொறுமை இருந்தது உண்மை. அந்தப் படம் பூட்டிய அலமாரியில் இருந்திருந்தால் அந்தப் பொறுமைக்கு வேலையே இருந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விபத்தின் காரணம் பொதுவெளிக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. வேகம் குறைந்த அளவு திட்டமிட்டதைவிட அதிகமாகிவிட்டது என்று 2019 நவம்பரில் மக்களவைக்கு எழுத்துமூலப் பதில் தந்தார்கள். விளக்கமான கதையை 2023-ல், சந்திரயான்-3 கிளம்பும் தறுவாயில், இஸ்ரோ தலைவர் எஸ். சோமநாத் சொன்னார். ஐந்து எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசை தந்தன. அதனால் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. அவற்றைச் சரிசெய்யக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது, திரும்பும் வேகத்துக்கு மென்பொருள் வரம்பு வைத்திருந்தது. இறங்கக் குறித்த இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்ற சின்னக் கட்டம், அதை எட்டிப் பிடிக்க கலம் மேலும் வேகமெடுத்தது. தெளிவான விளக்கம். நான்கு ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய விளக்கமும் கூட. மக்கள் பணத்தில் நடந்த சோதனையின் தோல்விக் கணக்கு மக்களுக்கு வந்துசேர அடுத்த கலம் தயாராகும்வரை காத்திருக்க வேண்டுமா என்ற கேள்வி இந்த அவையில் எழுந்தால் தவறில்லை.

சந்திரயான்-3-ன் லேண்டரை அந்தத் தோல்விக் கணக்கை வைத்தே கட்டினார்கள். நடுவிலிருந்த ஐந்தாவது எஞ்சினை எடுத்தார்கள். கால்களை வலுவாக்கினார்கள், நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டாலும் தாங்கும்படி. தரையைச் சார்ந்த வேகத்தை நேரடியாக அளக்கும் லேசர் கருவியைப் புதிதாக வைத்தார்கள். இறங்கும் இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். அந்த இடத்தைப் படம்பிடித்துக் கொடுத்தது யார் என்றால், 2019-ல் மேலேயே தங்கிவிட்ட சந்திரயான்-2-ன் சுற்றுகலம்.

திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே ஊழியரின் மகன், பாலிடெக்னிக்கில் தொடங்கி ஐஐடி முனைவர் பட்டம் வரை படித்தவர். இது தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகள் பற்றி அவ்வளவாகத் தெரியாது. நிலாவின் மேட்டுநிலங்கள் அனார்த்தோசைட் என்ற வெளிறிய பாறையால் ஆனவை. பூமியில் அது அரிது. இந்த ஊர்களில் கிடைக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையினர் உதவியோடு அந்தப் பாறையை எடுத்து, நொறுக்கி, நிலாத் துகளின் பருமனுக்குச் சலித்து, டன் கணக்கில் பெங்களூருக்கு அனுப்பினார்கள். லேண்டரின் கால்களையும் ரோவரின் சக்கரங்களையும் சோதித்தது அந்த மண்ணில்தான். அதைத் தயாரிக்கும் முறைக்கு 2020-ல் இஸ்ரோவுக்குக் காப்புரிமையும் கிடைத்தது.

ஆகஸ்டில் இன்னொரு கலமும் அதே திசையில் போனது. ரஷ்யாவின் லூனா 25 ஆகஸ்ட் 11-ல் கிளம்பி, நேர்வழியில், ஐந்தே நாளில் நிலாவின் சுற்றுப்பாதைக்கு வந்தது. யார் முதலில் என்று தொலைக்காட்சிகள் குதிரைப் பந்தயமாக்கின. ஆகஸ்ட் 19-ல் பாதையைத் தாழ்த்த 84 நொடி எரிய வேண்டிய எஞ்சின் 127 நொடி எரிந்தது. கலம் நிலாவில் மோதிச் சிதறியது. பந்தயம் பேசியவர்கள் செய்தி வந்ததும் வெற்றிச் சிரிப்போடு பேசியது அழகாக இல்லை. 47 ஆண்டுகளுக்குப் பிறகு நிலாவுக்குத் திரும்ப முயன்ற ஒரு நாட்டின் கலம் அது. 43 நொடியில் போய்விட்டது.

சந்திரயான்-3-ன் லேண்டருக்கும் விக்ரம் என்றே பெயர். அந்த விக்ரம், அதுவரை தன்னைச் சுமந்துவந்த உந்துவிசைக் கலனிலிருந்து ஆகஸ்ட் 17-ல் பிரிந்தது. 20-ம் தேதி முதல் நிலாவுக்குக் கிட்டத்தில் 25 கிலோமீட்டர், எட்டத்தில் 134 கிலோமீட்டர் என்ற பாதையில் சுற்றியபடி காத்திருந்தது. எதற்காகக் காத்திருந்தது? சூரியனுக்காக. இறங்குமிடத்தில் பகல் தொடங்குவது 23-ம் தேதி. சூரியத் தகடுகளை நம்பி வாழும் கலத்துக்கு விடியற்காலையில் இறங்கினால்தான் முழு நிலாப் பகல், அதாவது நம் கணக்கில் பதினான்கு நாள், கையில் கிடைக்கும்.

23-ம் தேதி மாலை தமிழ் வீடுகளில் இரண்டு திரைகள் ஓடின. அஜர்பைஜானின் பாகுவில் உலகக் கோப்பை சதுரங்க இறுதிப் போட்டியின் இரண்டாவது ஆட்டத்தில் பிரக்ஞானந்தா கார்ல்சனோடு மோதிக்கொண்டிருந்தார். இங்கே பிரக்யான் என்ற ரோவரை வயிற்றில் சுமந்த விக்ரம், 30 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு 1.68 கிலோமீட்டர் வேகத்தில் படுக்கைவாட்டில் பாய்ந்துகொண்டிருந்தது. இஸ்ரோவின் யூடியூப் ஒளிபரப்பை ஒரே நேரத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களும் ஒருவகையில் பார்வையாளர்களே. நிலாவுக்கு ரேடியோ அலை போக 1.3 நொடி, வர 1.3 நொடி. அந்த 2.6 நொடியில் விக்ரம் நான்கு கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும். பூமியிலிருந்து ஓட்டவே முடியாது. முடிவெடுத்தது அதன் கணினி. சுமார் பதினொன்றரை நிமிடம் வேகத்தைக் கொன்று 7.4 கிலோமீட்டருக்கு வந்தது, நிமிர்ந்தது, 800 மீட்டரிலும் 150 மீட்டரிலும் தாமதித்துக் கீழே பார்த்தது, மாலை 6.04-க்குத் தரையைத் தொட்டது. இந்த முறை பச்சை சிவப்பை விட்டு விலகவில்லை.

மறுநாள் சதுரங்கத்தில் டைபிரேக்கரில் பிரக்ஞானந்தா தோற்றார். ரோவர் சரிவுப் பலகை வழியே இறங்கியிருந்தது.

பிரக்யான் 26 கிலோ எடை, ஆறு சக்கரம், வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர். எறும்பே முந்திவிடும். ஆனால் மெதுவாகப் போனதற்கு வேகம் மட்டும் காரணமில்லை. அதன் இரு கண்களும் எடுக்கும் படங்கள் முதலில் லேண்டருக்குப் போகும், லேண்டரிலிருந்து பூமிக்கு. இங்கே அவற்றைச் சேர்த்து மேடுபள்ள வரைபடம் செய்வார்கள். அதில் தெளிவாகத் தெரிவது முன்னால் ஐந்து மீட்டர் அளவுக்குத்தான். ஆகவே ஒரு கட்டளைக்கு ஐந்து மீட்டருக்கு மேல் நகர்த்த முடியாது. பிறகு மறுபடி படம், மறுபடி வரைபடம். ஆகஸ்ட் 27-ல் மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று தென்பட்டது. திரும்பி வேறு வழி போகச் சொன்னார்கள். பத்து நாளில் நூறு மீட்டர் தாண்டியது.

அந்த நூறு மீட்டரில் கிடைத்தது கொஞ்சமல்ல. லேசரால் மண்ணைச் சுட்டு எழும் ஒளியைப் படித்த கருவி கந்தகம் இருப்பதை உறுதிசெய்தது. லேண்டர் தரையில் செருகிய வெப்பமானி மேற்பரப்பில் 50 டிகிரிக்கு மேல் காட்டியது. எட்டு சென்டிமீட்டர் கீழே மைனஸ் 10. ஒரு சாண் கூட இல்லாத ஆழத்தில் அறுபது டிகிரி வித்தியாசம்! நிலாவின் தூசி அவ்வளவு நல்ல வெப்பத்தடுப்பு. நிலாவில் குடில் கட்ட நினைப்பவர்களுக்கு இது முக்கியமான எண். எக்ஸ்-கதிர்க் கருவி வழியில் 23 இடங்களில் எடுத்த அளவுகள் ‘நேச்சர்’ இதழில் 2024 ஆகஸ்டில் வெளிவந்தன. தென்துருவத்துக்கு அருகிலிருந்த அந்த மண் பெரும்பாலும் இரும்பு கலந்த அனார்த்தோசைட். தொடக்கத்தில் நிலா உருகிய பாறைக் கடலாக இருந்தது, கனம் குறைந்த தாது மிதந்து மேலோடாக உறைந்தது என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது. நாமக்கல்லிலிருந்து போன பாறையின் சாதிதான் அங்கே காலடியில் கிடந்திருக்கிறது.

இந்த நாட்களில் சமூக ஊடகத்தில் ஒரு பழக்கம் பரவியது. கலமே பேசுவதுபோல் எழுதுவது: போய்ச் சேர்ந்துவிட்டேன், நடக்கப் போகிறேன் என்ற தொனியில். சீனாவின் யுது ரோவர் 2014 ஜனவரியில் நகர முடியாமல் நின்றபோதும் அதன் பெயரால் எழுதப்பட்ட விடைபெறும் வரிகளைப் படித்துப் பலர் கண்கலங்கினார்கள். குழந்தைகளுக்குப் பிடிக்கும், சரி. ஆனால் கலம் பேசத் தொடங்கினால், இரவுப் பணியில் வரைபடம் செய்தவரும் கட்டளையைச் சரிபார்த்தவரும் வாக்கியத்திலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். அளவு எண்களும் கூடவே போய்விடுகின்றன.

செப்டம்பர் 2-ல் ரோவரைத் தூங்கவைத்தார்கள். 3-ம் தேதி லேண்டரின் எஞ்சின்களை மறுபடி எரித்தார்கள்; அது 40 சென்டிமீட்டர் எழும்பி, சற்றுத் தள்ளி இறங்கியது. திட்டத்தில் அறிவிக்காத சோதனை அது. நிலாவில் இறங்கிய ஒன்று மறுபடி எழ முடியும் என்று காட்ட வேண்டியிருந்தது; மண்ணெடுத்துத் திரும்பப் போகும் சந்திரயான்-4-க்கு அது தேவை. அடுத்த நாள் லேண்டரும் தூங்கியது. செப்டம்பர் 22-ல் நிலாவில் விடிந்தபோது கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை. அந்த இரவின் குளிரைத் தாங்கும்படி அதைச் செய்திருக்கவில்லை. தாங்கியிருந்தால் அது உபரி.

பின்தொடர்வது அதோடு நிற்கவில்லை. கலத்தைப் பூமியிலிருந்து தூக்கிப்போன ராக்கெட்டின் மேல்கட்டம் 124 நாள் சுற்றிவிட்டு நவம்பர் 15-ல் வட பசிபிக்கின் மேல் வளிமண்டலத்தில் விழுந்ததைக் கணக்கில் எழுதி மூடினார்கள். டிசம்பர் 12-ல் எல்ஆர்ஓ சுற்றுகலம் விக்ரமை நோக்கி லேசர் ஒளியை வீசியது. விக்ரமின் மேல்தட்டில் நாசா கொடுத்த ஐந்து சென்டிமீட்டர் அகலப் பிரதிபலிப்பான் ஒன்று இருக்கிறது. மின்சாரம் வேண்டாத எட்டுச் சிறு முப்பட்டகங்கள். சுமார் நூறு கிலோமீட்டரிலிருந்து வீசிய ஒளி அதில் பட்டுத் திரும்பியது. இனி அந்த இடம் நிலாவின் வரைபடத்தில் ஒரு எல்லைக்கல்.

உந்துவிசைக் கலனின் கதை இன்னும் நீள்கிறது. விக்ரமைக் கொண்டுபோய் விட்டதோடு அதன் வேலை முடிந்திருக்க வேண்டும். ஏவுதல் துல்லியமாக அமைந்ததால் எரிபொருள் மிச்சமிருந்தது. அதை எரித்து 2023 அக்டோபரில் நிலாவை விட்டுக் கிளப்பிப் பூமியைச் சுற்றும் உயரமான பாதைக்குக் கொண்டுவந்தார்கள். மனிதர் கைக்கு எட்டாத உயரத்தில், பூமி, நிலா இரண்டின் இழுப்புக்கும் நடுவே, அது தன் போக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. 2025 நவம்பரில் நிலாவின் ஈர்ப்பு எல்லைக்குள் மறுபடி நுழைந்து, இரண்டு முறை அதை ஒட்டிக் கடந்தது. முதல் முறை சுமார் 3,700 கிலோமீட்டர் அருகில். எந்த எஞ்சினும் எரியவில்லை. பாதை மட்டும் மாறியது: பூமிக்கு எட்டத்தில் மூன்று லட்சம் கிலோமீட்டராக இருந்தது ஏழு லட்சத்தைத் தாண்டியது. பீனியாவில் அந்தப் புதிய பாதையைக் கணக்கிட்டு, வேறு எந்தக் கலத்தின் வழியிலும் அது குறுக்கிடுகிறதா என்று பார்த்து எழுதிவைத்தார்கள்.